காரின் பாடி எங்கே விரியும்: ஃபட்டீக் கணக்கு போடுகிற வழி

புதன்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். ஆபீஸ் பஸ் தாம்பரம் தாண்டியிருந்தது, நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன். டெஸ்ட் டிராக்கிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு எடுத்த படம். இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கிற ட்விஸ்ட் பீமின் புஷ்ஷைப் (ரப்பர் உருளை) பிடிக்கிற பிராக்கெட், அதன் கடைசி ஸ்பாட் வெல்டைச் (தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைக்கும் பற்றவைப்பு) சுற்றி மூன்றாம் பிறை மாதிரி ஒரு கிராக், அதற்கு வெள்ளை மார்க்கரில் ஒரு வட்டம். ஓட வேண்டிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடியிருந்தது. பாடியில் எந்த இடம் எவ்வளவு ஓட்டம் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் வேலை. என் ரிப்போர்ட்டில் அதே வெல்டுக்கு நான் எழுதியிருந்த ஆயுள், தேவையைப் போல நாலு மடங்கு.

அடுத்த மூன்று வாரம் நாங்கள் பட்ட பாட்டில்தான் இந்தக் குறிப்புகளில் பாதி வந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மெக்கானிக்கல் படித்திருப்பீர்கள், மெஷ் போடத் (பாகத்தைக் கணக்குக்காகச் சின்னச் சின்ன எலிமென்ட்களாகப் பிரிக்க) தெரிந்திருக்கும். கம்ப்யூட்டர் படத்தில் சிவப்பைப் பார்த்தால் பதறி, நீலத்தைப் பார்த்தால் டீ குடிக்கப் போவீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

என் அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். ரிப்பேருக்கு வரும் பழைய பஸ்ஸின் படிக்கட்டு வாசல் மூலையைக் கையால் தடவிப் பார்த்து, பெயிண்டுக்கு அடியில் இருக்கும் விரிசலைக் கண்டுபிடித்துவிடுவார். விரிசலின் நுனியில் சின்னதாக ஒரு துளை போடுவார், அது மேலே ஓடாமல் நிற்க. அப்புறம் பட்டை வைத்து அடைப்பார். ஆறு மாதம் கழித்து அதே பஸ் வரும். பட்டை முடிகிற இடத்தில் புது விரிசல் இருக்கும். "பட்டையைத் தடிமனா வெச்சா இது தாங்கும், பக்கத்துல இருக்கறவன் சாவான்" என்பார். விறைப்பு சட்டென்று மாறும் இடத்தில் தகைவு (ஸ்ட்ரெஸ்) குவியும் என்று நான் காலேஜில் படித்தது இதைத்தான்.

லோடு முதலில்

பாடி உடைவது ஒரே அடியில் இல்லை. பள்ளத்தில் தடால் என்று இறங்கி வளைவது வேறு கணக்கு. ஃபட்டீக் என்பது உலோகம் தாங்கக்கூடிய அளவுக்குள்ளேயே லட்சக்கணக்கான தடவை இழுத்து இழுத்து விட்டதால் வருவது. ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளை வைத்து இதை வருஷக்கணக்காகச் சோதித்தார். எத்தனை தகைவு, எத்தனை தடவை என்று அவர் தொடங்கி வைத்த கணக்கைத்தான் இன்றும் எஸ்-என் கர்வ் என்ற வரைபடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே முதல் கேள்வி தகைவு எவ்வளவு என்பதல்ல, சாலை வண்டிக்கு என்ன செய்கிறது என்பது. இதற்கு நாலு சக்கரத்திலும் விழும் விசையை அளக்கும் வீல் ஃபோர்ஸ் டிரான்ஸ்டியூசர் மாட்டி, கருங்கல் பாவிய பெல்ஜியன் பேவ் தடம், குழித்தடம், வளைந்து நெளிந்து ஓட்டும் தடம் என்று எல்லாவற்றிலும் ஓட்டிப் பதிவு செய்வார்கள். ஒரு சக்கரத்துக்கு மூன்று விசை, மூன்று திருப்பம். நாலு சக்கரத்துக்கு 24 சேனல். அந்தப் பதிவை, பல பாகங்கள் சேர்ந்து அசைவதைக் கணக்கிடும் ஆடம்ஸ் மாதிரி மல்டிபாடி மென்பொருளில் கொடுத்து, சக்கர மையத்தில் இருக்கும் விசையை சஸ்பென்ஷன் வழியாகப் பாடியின் ஒவ்வொரு பிடிமானத்துக்கும் இறக்க வேண்டும்: ஷாக் அப்சார்பர் தலை, ஸ்பிரிங் சீட், கன்ட்ரோல் ஆர்ம் புஷ், எஞ்சின் மவுன்ட்.

இந்த டேட்டா கைக்கு வந்ததும் நேராக சாஃப்ட்வேரில் போடாதீர்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து வெறும் கிராஃபைப் பாருங்கள். நான் இப்போது கட்டாயமாகப் பார்ப்பது இவை.

சமதளத்தில் நேராக ஓடும்போது நாலு சக்கரத்தின் செங்குத்து விசையைக் கூட்டினால், சராசரி வண்டியின் எடையாக வர வேண்டும், ஆளும் சாமானும் சேர்த்து. டிரான்ஸ்டியூசரைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே பூஜ்ஜியம் செய்துவிட்டால் வராது. பிரேக் போடும் இடத்தில் நாலு சக்கரத்தின் நீள்விசையும் பின்னோக்கி இருக்க வேண்டும். வளைவில் நாலு சக்கரத்தின் பக்கவாட்டு விசையும் வளைவின் உள்பக்கம் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசியைத்தான் நான் பார்க்கவில்லை. டிரான்ஸ்டியூசர்களில் வலது சக்கரமும் இடது சக்கரமும் தத்தம் வெளிப்பக்கத்தையே பிளஸ் என்று எடுத்துக்கொண்டிருந்தன. வண்டியின் அச்சுக்கு மாற்றும்போது முன்சக்கரத்தில் ஒரு பக்கத்துக் குறியைத் திருப்பியாயிற்று. பின் வலது சேனல் மட்டும் விட்டுப்போனது. விளைவு? நிஜத்தில் வளைவில் இரண்டு பின்சக்கரமும் ஒரே திசையில் ட்விஸ்ட் பீமைத் தள்ளுகின்றன. அந்த மொத்தத் தள்ளலையும், பீம் திரும்பப் பார்க்கும் திருப்பத்தையும் இரண்டு புஷ் பிராக்கெட்டும் சுமக்கின்றன. என் கணக்கிலோ ஒரு சக்கரம் இடப்பக்கம் தள்ள, இன்னொன்று வலப்பக்கம் தள்ள, இரண்டும் பீமுக்குள்ளேயே பெரும்பாலும் கழிந்து போயின. பிராக்கெட் சும்மா இருந்தது. ஆயுள் நாலு மடங்கு வராமல் என்ன செய்யும்?

இங்கே ஒன்று கவனியுங்கள். நாலு மடங்கு என்று சொன்னது மூன்றில் ஒன்றில் உடைந்தது. ஆயுளில் 12 மடங்கு பிழை. ஆனால் வெல்டின் எஸ்-என் கர்வின் சரிவை 5 என்று வைத்தால், தகைவில் வெறும் 1.64 மடங்குப் பிழை போதும் இதற்கு. ஆயுள் தகைவின் ஐந்தாம் அடுக்கில் ஓடுகிறது. 10% தகைவு கூடினால் ஆயுள் 1.6 மடங்கு சுருங்கும், இரட்டிப்பானால் 32 மடங்கு. அதனால்தான் "ஆயுள் 4.37 மடங்கு" என்று புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போட்டு வரும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

மாடலும் யூனிட் லோடும்

பாடிக்கு, தகட்டை மெல்லிய பரப்பாக எடுத்துக்கொள்ளும் ஷெல் மெஷ்தான், பொதுவாக 5 மி.மீ. அளவில். இதைப் பற்றி இணையத்தில் நிறைய இருக்கிறது, நீட்ட மாட்டேன். ஆனால் கதவு வாசல் மூலை, பின்கதவு வாசல் மூலை, ஷாக் டவர், பிராக்கெட்டின் மடிப்பு இவற்றில் மெஷ் வளைவைப் பின்பற்றி ஒழுங்காக ஓட வேண்டும். வெட்டு விளிம்பில் தகைவைப் படிக்க, அந்த விளிம்பு நெடுக ஒன்றும் தாங்காத மெல்லிய பார் எலிமென்ட் ஓட்டிவிடுங்கள். ஷெல்லின் நடுவில் படித்ததை விளிம்புக்கு நீட்டிப் பார்க்கும் பிரச்சினை போய்விடும். ஷெல்லின் மேல்பரப்பு, கீழ்பரப்பு இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். தகடு வளையும்போது ஒருபக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும்.

தகட்டின் தடிமனை வரைபடத்தில் இருந்தபடியே போடுவது இன்னொரு பழக்கம். பிரஸ்ஸில் அடித்து இழுக்கும்போது வளைவுகளில் தகடு மெலியும். 10% மெலிந்தாலே, வளைவுத் தகைவு தடிமனின் வர்க்கத்துக்குத் தலைகீழ் என்பதால், 23% கூடும். ஆயுள் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றாகும். ஃபார்மிங் டீமிடம் மெலிவு டேட்டா இருக்கும், கேட்டு வாங்கிப் பதியுங்கள். கேட்டால் தருவார்கள், யாரும் கேட்பதில்லை.

அப்புறம் லோடு கேஸ். ஒவ்வொரு பிடிமானத்திலும் ஒவ்வொரு திசையிலும் 1 நியூட்டன் போட்டு நாஸ்ட்ரான் என்ற தகைவுக் கணக்கு மென்பொருளில் ஓட்ட வேண்டும். 30 பிடிமானம் இருந்தால், விசையும் திருப்பமும் சேர்த்து 180 கேஸ். பிறகு ஒவ்வொரு கேஸின் தகைவையும் அந்தச் சேனலின் நேரப் பதிவால் பெருக்கிக் கூட்டினால், ஒவ்வொரு எலிமென்டிலும் தகைவு எப்படி ஏறி இறங்கியது என்று கிடைத்துவிடும்.

ஓட்டும்போது பாடியை எங்கேயும் கட்டிப்போடாதீர்கள். ஓடுகிற காரை யாரும் ஒரு புள்ளியில் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கட்டினால் கட்டிய இடத்தில் இல்லாத தகைவு வரும், கட்டாத இடத்தில் இருக்க வேண்டியது குறையும். இனர்ஷியா ரிலீஃப் என்ற வசதி இதற்குத்தான்: வெளிவிசையைப் பாடியின் நிறை முடுக்கத்தால் சமன் செய்துகொள்ளும். இதற்கு நிறை சரியாக இருக்க வேண்டும். சீட், கண்ணாடி, கதவு, பேட்டரி எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் எடையாக வையுங்கள். வெறும் தகட்டுப் பாடியை மட்டும் வைத்து இனர்ஷியா ரிலீஃப் ஓட்டிய மாடலைச் சமீபத்தில்கூடப் பார்த்தேன்.

இந்த யூனிட் லோடு முறை, பாடி தானாக ஆடாதவரைதான் செல்லும். சாலை கொடுக்கும் விசையில் பெரும்பகுதி குறைந்த அதிர்வெண்ணில் இருக்கும். பாடியின் குதிப்பு 1, 2 ஹெர்ட்ஸ், சக்கரத்தின் குதிப்பு 10 முதல் 15 ஹெர்ட்ஸ் பக்கம். பாடியின் முதல் முறுக்கு அதிர்வு அதற்கு நன்றாக மேலே இருந்தால் கவலை இல்லை. ஆனால் மின்சாரக் காரின் பேட்டரி தட்டு, ரேடியேட்டர் தாங்கி, நீண்டு தொங்கும் பிராக்கெட் இவையெல்லாம் தாளம் தப்பாமல் கூடவே ஆடும். அவற்றுக்கு, பாகத்தின் அதிர்வையும் சேர்த்து நேரத்தோடு கணக்கிடும் மோடல் டிரான்சியன்ட் ஓட்டுங்கள். நேரம் அதிகம் எடுக்கும், வேறு வழி இல்லை.

எண்ணுவது எப்படி

இப்போது ஒரு எலிமென்டின் தகைவு, நேரத்தோடு மேலும் கீழுமாக ஓடும் கோடாக இருக்கிறது. இதில் எத்தனை சுற்று? எளிது போலத் தோன்றும், ஆனால் எளிதில்லை.

சின்ன உதாரணம். தகைவு 0-லிருந்து 80-க்கு ஏறி, 40-க்கு இறங்கி, 120-க்கு ஏறி, மறுபடி 0-க்கு வருகிறது. ஒவ்வொரு ஏற்றத்தையும் இறக்கத்தையும் அரைச்சுற்று என்று தனித்தனியாக எண்ணினால் 80, 40, 80, 120 என்று நாலு அரைச்சுற்று. ஆனால் உலோகத்தைக் கேட்டால், அது 0-லிருந்து 120-க்குப் போய் வந்த ஒரு பெரிய சுற்று, நடுவில் 40 அளவில் ஒரு சின்னத் தயக்கம், அவ்வளவுதான் என்று சொல்லும். ஐந்தாம் அடுக்கு போட்டுப் பாருங்கள்: முதல் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் காணாமல் போய்விடும். 1968-இல் ஜப்பானில் எண்டோவும் மட்சுயிஷியும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். வரைபடத்தை நிமிர்த்தி நிறுத்தி, பகோடா கூரையின் அடுக்குகளில் மழைத்தண்ணீர் வழிவது போலக் கற்பனை செய்து எண்ணுவது. அதனால்தான் ரெயின்ஃப்ளோ என்ற பெயர். இன்று எல்லா மென்பொருளும் ஒரு நொடியில் எண்ணிவிடும். ஆனாலும் ஒருமுறை பத்துப் புள்ளிகளைத் தாளில் வைத்துக் கையால் எண்ணிப் பாருங்கள்.

எண்ணுவதற்கு முன் ஒரு குழி இருக்கிறது, எல்லாரும் ஒருமுறை விழுவோம். பல திசைத் தகைவுகளை ஒரே எண்ணாக்கும் வான் மைசஸ் தகைவு எப்போதும் பிளஸ்தான். நிஜத்தில் +100-க்கும் −100-க்கும் இடையே ஆடும் இடம், வான் மைசஸில் 100, 0, 100, 0 என்று தெரியும். 200 வீச்சில் ஒரு சுற்று, 100 வீச்சில் இரண்டு சுற்றாகிவிடும். சேதம் 16 மடங்கு குறைவாக வரும். படம் முழுக்க நீலம். அதனால் குறியிட்ட வான் மைசஸ் எடுங்கள், அல்லது நேரம் இருந்தால் கிரிட்டிக்கல் பிளேன் முறையில் ஒவ்வொரு கோணமாகத் தேடச் சொல்லுங்கள். விசைகள் பல திசையிலிருந்து முன்பின்னாக வரும் ஷாக் டவர் மாதிரி இடத்தில் நான் இரண்டாவதையே நம்புவேன்.

அடுத்தது கூட்டல். பால்ம்கிரன் 1924-இலும் மைனர் 1945-இலும் சொன்ன விதி: ஒரு வீச்சில் உலோகம் ஒரு லட்சம் சுற்று தாங்கும் என்றால், ஒரு சுற்று ஒரு லட்சத்தில் ஒரு பங்கு சேதம். எல்லாவற்றையும் கூட்டி 1 வந்தால் விரிசல்.

புரிவதற்காக நானே போட்ட எண்கள் இவை: ஒரு பொருள் 300 மெகாபாஸ்கல் வீச்சில் 1 லட்சம் சுற்று தாங்கும், சரிவு 5. அப்படியானால் 200-இல் 7.6 லட்சம், 150-இல் 32 லட்சம், 100-இல் 2.43 கோடி. டிராக்கில் ஒரு சுற்று ஓட்டினால் 300-இல் 2 தடவை, 200-இல் 40, 150-இல் 300, 100-இல் 2000 தடவை என்று ரெயின்ஃப்ளோ சொல்கிறது. சேதம் முறையே, லட்சத்துக்கு 2, 5.3, 9.4, 8.2. கூட்டினால் லட்சத்துக்கு 25 பக்கம். அதாவது சுமார் 4000 டிராக் சுற்றில் விரியும். பயமுறுத்துகிற அந்த 300-ஐப் பாருங்கள், அதன் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. பாடியைக் கொன்றது நடுத்தரக் கூட்டம். உச்சத் தகைவுப் படத்தை மட்டும் பார்த்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

மைனர் விதி எந்தச் சுற்று முன்னால் வந்தது என்று பார்ப்பதில்லை. நிஜத்தில் அதுவும் கொஞ்சம் முக்கியம். சராசரித் தகைவுக்கு (சுற்று எந்த அளவை நடுவாக வைத்து ஆடுகிறது என்பது) குட்மேன் அல்லது எஃப்.கே.எம். திருத்தம் போட்டுக்கொள்ளுங்கள். தகைவு யீல்டைத் (உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவை) தாண்டும் மூலைகளுக்கு, அங்கே உண்மையில் வரும் திரிபைக் கணிக்கும் நியூபர் விதியோடு திரிபு-ஆயுள் முறை. என்கோட், ஃபெம்ஃபேட், எஃப்.ஈ.சேஃப் என்ற ஃபட்டீக் மென்பொருள்கள் எல்லாமே இவற்றைச் செய்யும். பட்டன் அழுத்துவது எளிது. எந்தப் பட்டன் முன்கூட்டியே அழுந்திக் கிடக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

ஸ்பாட் வெல்ட்

ஒரு கார் பாடியில் சில ஆயிரம் ஸ்பாட் வெல்ட் இருக்கும். என் அனுபவத்தில் தகட்டின் நடுவில் விரிந்ததைவிட வெல்டின் ஓரத்தில் விரிந்ததே அதிகம். அதனால் தகட்டுக்கு ஒரு நாள் செலவிட்டால் வெல்டுக்கு மூன்று நாள் கொடுங்கள்.

வெல்டைச் சுற்றியுள்ள எலிமென்டின் தகைவை அப்படியே படிக்காதீர்கள். இரண்டு தகட்டை ஒரு புள்ளியில் கட்டிய மாடலில், அந்தப் புள்ளியில் தகைவு மெஷ்ஷைச் சின்னதாக்க ஆக்க ஏறிக்கொண்டே போகும். அதற்கு அர்த்தமே இல்லை. பதிலாக, நகெட்டுக்குள் (வெல்டின் உருகி உறைந்த பொத்தான்) ஓடும் விசையையும் திருப்பத்தையும் மட்டும் எடுத்து, தகட்டுத் தடிமனையும் நகெட் விட்டத்தையும் வைத்து, சுற்றுவட்டத்தில் கோணம் கோணமாகத் தகைவைச் சூத்திரத்தில் கணக்கிடும் முறை இருக்கிறது. ரூப், ஸ்டோர்ட்செல், க்ரூபிசிச் மூவரும் 1995-இல் வெளியிட்டது. ரூப் முறை என்றே பெயர் நின்றுவிட்டது. மேல்தகடு, கீழ்தகடு, நகெட் மூன்றுக்கும் தனித்தனி ஆயுள் தரும். நகெட் விட்டம் தெரியாவிட்டால் தடிமனின் வர்க்கமூலத்தைப் போல 5 மடங்கு என்று வையுங்கள்: 1 மி.மீ. தகட்டுக்கு 5 மி.மீ.

வெல்ட் சறுக்குவிசையைத் தாங்கும். உரிப்பதைத் தாங்காது. ஸ்டிக்கரைப் பக்கவாட்டில் இழுத்தால் வராது, ஓரத்தைத் தூக்கினால் வந்துவிடும், அதே கதைதான். எங்கள் பிராக்கெட்டில் கடைசி வெல்ட் மடிப்பின் வளைவிலிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தது. பிராக்கெட் பக்கவாட்டில் ஆடும்போதெல்லாம் அந்த ஃப்ளேஞ்ச் (வெல்ட் போட மடித்த விளிம்பு) லேசாகத் திறந்து மூடியது. வரிசையில் பெரும்பாலும் கடைசி வெல்ட்தான் அதிகம் சுமக்கும். அது உரிபடவும் செய்தால் கேட்கவே வேண்டாம்.

குறியைத் திருத்தி மறுபடி ஓட்டியபோது அந்த வெல்ட் தேவையில் 0.4 பங்கு ஆயுளோடு பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. டெஸ்ட்டோடு கிட்டத்தட்டப் பொருந்தியது. மீட்டிங்கில் ஒருவர், "பிராக்கெட்டை ஹை ஸ்ட்ரெங்த் ஸ்டீலுக்கு மாற்றிவிடலாமே" என்றார். இந்த யோசனை ஒவ்வொரு புராஜெக்டிலும் வரும், பதிலைத் தயாராக வைத்திருங்கள். வெல்டின் ஓரமே இயற்கையான ஒரு கூர்வெட்டு. அங்கே ஃபட்டீக் ஆயுளை நிர்ணயிப்பது வடிவமும் தடிமனும். அடிப்படை எஃகின் வலிமை கிட்டத்தட்ட உதவுவதே இல்லை. வலிமை கூடிய எஃகு என்று தகட்டை மெலிய வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நாங்கள் செய்தது மூன்று. கடைசி வெல்டை வளைவுக்கு அருகே நகர்த்தினோம், வெல்ட் கன் நுழைய இடம் இருக்கிறதா என்று வெல்ட் ஷாப்பில் நேரில் நின்று பார்த்த பிறகு. அதற்கு அப்பால் இன்னொரு வெல்ட் சேர்த்தோம். ஃப்ளேஞ்சின் முனையைச் சட்டென்று வெட்டாமல் நாக்கு மாதிரி ஒடுக்கி நீட்டினோம், விறைப்பு மெல்லக் குறையட்டும் என்று. பிறகு அந்த வரிசையில் ஒவ்வொரு வெல்டாக நீக்கி மறுபடி ஓட்டிப் பார்த்தோம். லைனில் ஒன்று விட்டுப்போகிற நாள் வரத்தான் செய்யும்.

கேஜ் ஒட்டிப் பார்ப்பது

கணக்கு முடிந்தது என்று நினைக்கும் இடத்தில், தகடு எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் தொடங்குகிறது. முதல் தடவை கேஜ் ஒட்ட இடம் குறித்துக் கொடுத்தபோது, என் பட்டியலில் எல்லாமே சிவப்பு உச்சம். லேபில் இருந்த மூத்த டெக்னீஷியன் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, அதிகமா இருக்கற இடத்துல ஒட்டாதீங்க. சீரா இருக்கற இடத்துல ஒட்டுங்க" என்றார். சரியான பேச்சு. உச்சத்தில் தகைவு ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மாறும். கேஜ் 2 மி.மீ. நகர்ந்தால் 30% மாறிவிடும், பிறகு கணக்கு தப்பா கேஜ் தப்பா என்று சண்டை. உச்சத்துக்குப் போகும் வழியில், தகைவு சமமாகப் பரவியுள்ள இடத்தில் ஒட்டுங்கள். எஃகில் ஒரே திசை இழுவையில் 1000 மைக்ரோஸ்ட்ரெய்ன் (ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்சி) என்றால் 210 மெகாபாஸ்கல், இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். டிராக்கில் லேப்டாப் திரையைப் பார்த்தே பாதி பதில் சொல்லிவிடலாம்.

ஒப்பிடும்போது உச்ச மதிப்பை மட்டும் பார்க்காமல், கேஜ் பதிவிலிருந்தும் கணக்கிலிருந்தும் தனித்தனியே ரெயின்ஃப்ளோ எடுத்துச் சேதத்தை ஒப்பிடுங்கள். சேதத்தில் இரண்டு மடங்குக்குள் பொருந்தினால் நான் கைகுலுக்கிவிட்டுக் கிளம்புவேன். பத்து மடங்கு என்றால் முதலில் லோடின் குறியைப் பார்ப்பேன். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வண்டி முழுத் தூரமும் ஓடி முடித்த பிறகு பாடியைக் கழற்றி, சந்தேகப்பட்ட இடங்களில் பெயிண்டைச் சுரண்டி, விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாய பெனட்ரன்ட் அடித்துப் பார்த்தோம். பிராக்கெட் சுத்தம். இடது பின்கதவு வாசலின் மேல்மூலையில், சீலருக்கு அடியில், 6 மி.மீ.க்கு ஒரு கிராக் இருந்தது. என் பட்டியலில் அது நாற்பத்து மூன்றாவது இடம். திங்கட்கிழமை அந்த மூலையின் மெலிவு டேட்டாவைக் கேட்டு ஃபார்மிங் டீமுக்கு மெயில் போட்டேன்.